பாம் ஸ்பிரிங்ஸ்: இரண்டு லென்ஸும் ஒரு டாக்சியும்

பிப்ரவரியில் கலிஃபோர்னியாவின் பாம் ஸ்பிரிங்ஸ் ஊருக்குப் போகாதீர்கள். நவீன பாணிக் கட்டடங்களைக் கொண்டாடும் மாடர்னிசம் வீக் விழா நடக்கும் மாதம். சுமாரான மோட்டலில்கூட வாடகையைக் கேட்டால் தலை சுற்றும். எப்படிப் போவது? லாஸ் ஏஞ்சல்ஸிலிருந்து பஸ் இருக்கிறது. சரி, விஷயத்துக்கு வருகிறேன்.

நான் போனதே அங்குள்ள 1950, 60களின் கட்டடங்களை ஸ்டீரியோ ரியலிஸ்ட்டில் எடுக்கத்தான். மில்வாக்கியின் டேவிட் வைட் கம்பெனி 1947இல் விற்பனைக்குக் கொண்டுவந்த கேமரா. இரண்டு லென்ஸ், சாதாரண 35 எம்எம் ஃபிலிம். ஒரு க்ளிக்குக்கு இரண்டு படம் விழும். கண்ணுக்கு ஒரு படமாகக் காட்டும் வியூவரில் பார்த்தால் ஆழம் தெரியும். 36 படச் சுருளில் 28 ஜோடிதான் தேறும். ஸ்லைடு ஃபிலிம் விற்கிற விலைக்கு ஒவ்வொரு க்ளிக்கும் வயிற்றெரிச்சல்.

முதலில் டிராம்வே பெட்ரோல் பங்க். டாக்சிக்காரர் ஏறும்போது ஒரு தொகை சொன்னார், இறங்கும்போது 'வெயிட்டிங்' என்று 15 டாலர் சேர்த்தார். வழியில் எங்கேயும் நிற்கவே இல்லையே ஐயா! கத்திப் பார்த்தேன், கொடுத்துத் தொலைத்தேன்.

பங்க்கைப் பார்த்ததும் கோபம் போய்விட்டது. ஆல்பர்ட் ஃப்ரேயும் ராப்சன் சேம்பர்ஸும் வடிவமைத்து 1965இல் எழுந்தது. இப்போது சுற்றுலாத் தகவல் மையம். சாதாரணப் படங்களில் அந்தக் கூரை வெறும் முக்கோணம். ஸ்டீரியோவில் அதன் கூர்முனை நெற்றிக்கு நேரே நீண்டு வருகிறது. பின்னால் 3,300 மீட்டர் சான் ஹசின்டோ மலையோ நாடகத் திரைச்சீலை மாதிரி தட்டை! லென்ஸ்களுக்கு நடுவே 7 சென்டிமீட்டர்தான். தூரத்தில் இருப்பது இரண்டுக்கும் ஒரே மாதிரிதான் தெரியும். கிட்டத்தில் ஒரு கள்ளிச்செடியாவது வேண்டும்.

சிட்டி ஹாலிலும் ஃப்ரேயின் கைவரிசை உண்டு. முகப்புக் கூரையில் பெரிய வட்ட ஓட்டை, அதன் வழியே வானத்துக்கு ஏறும் பனைகள். ஸ்டீரியோவுக்கென்றே கட்டியதோ என்று தோன்றும்.

கட்டடக் கலைஞர் ரிச்சர்ட் நியூட்ரா வடிவமைத்த காஃப்மன் வீடு (1946) தனியார் சொத்து. சாலையில் நின்று எட்டிப் பார்த்ததோடு சரி.

அந்தக் குறையை ஒரு பழம்பொருள் கடை தீர்த்தது. யாரோ தங்கள் வீட்டை எடுத்துவைத்த கோடாக்ரோம் என்ற கோடாக் கலர் ஃபிலிமில் எடுத்த பழைய ஸ்டீரியோ ஸ்லைடுகள், நிறம் அப்படியே இருந்தது. ஒன்றில் ஆளுயரக் கண்ணாடிச் சுவர். வெறும் போட்டோவில் பிரதிபலிப்பு ஒரு கறைதான். வியூவரிலோ கண்ணாடி தனியாக, உள்ளே ஆரஞ்சு சோபா தனியாக, அதையும் தாண்டி நீச்சல் குளத்தின் பிம்பம் தனியாக நிற்கிறது! இந்த வீடுகளில் உள்ளும் வெளியும் கலக்கும் என்று பக்கம் பக்கமாக எழுதுகிறார்கள். இந்த ஒரு ஸ்லைடு போதும்.

ஒன்று 12 டாலராம். பேரம் பேசி நான்கை 30க்கு வாங்கினேன். அப்புறம் மதியச் சாப்பாட்டுக்குக் காசு ஏது? பேரீச்சம்பழ ஷேக்தான். ஐஸ்கிரீமோடு அரைத்து, ஸ்ட்ராவில் ஏறாத கெட்டியாகத் தருகிறார்கள். பெரிய கப்பே வாங்குங்கள்.