குறைவாக ஓடிய எஞ்சின் நல்ல எஞ்சின் அல்ல

பழைய படகு வாங்குகிறவர்கள் முதலில் கேட்பது, "எத்தனை மணி நேரம் ஓடியிருக்கிறது?" என்பதைத்தான். திருச்செங்கோட்டில் போர்வெல் வண்டிகளின் டீசல் எஞ்சின்களோடே வாழ்கிறவன் நான். கம்பரசர் எஞ்சின் வாங்க வருகிறவர்களும் எங்களிடம் அதையேதான் கேட்பார்கள். ஆனால் கடலில் கிடக்கும் எஞ்சினைப் பொறுத்தவரை ஹவர் மீட்டர் பாதி உண்மையைக்கூடச் சொல்லாது.

என் மைத்துனர் பொள்ளாச்சியில் தென்னை நார் தொழில் செய்கிறார். கொச்சியில் கேபின் வைத்த க்ரூசர் படகு ஒன்று இரட்டை டீசல் எஞ்சினோடு விலைக்கு வந்திருப்பதாகக் கேள்விப்பட்டு என்னையும் அழைத்துக்கொண்டு போனார். "பதினைந்து வருடத்தில் அறுநூறு மணி நேரம்தான் ஓடியிருக்கிறது மச்சான்" என்று வழியெல்லாம் அவருக்குப் பூரிப்பு. கணக்குப் போட்டால் வருடத்துக்கு நாற்பது மணி நேரம். சீசனில் எங்கள் ரிக் எஞ்சின் ஒரே வாரத்தில் அதைத் தாண்டிவிடும்.

ஒழுங்காக ஆயில் மாற்றி ஓட்டினால் டீசல் எஞ்சின் பல ஆயிரம் மணி நேரம் உழைக்கும். அதைக் கெடுப்பது சும்மா கிடப்பதுதான். பழைய ஆயிலில் சேர்ந்த அமிலமும் ஈரமும் பேரிங்குகளை அரிக்கும். சிலிண்டர் சுவரில் துரு ஏறும். ரப்பர் சீல்கள் காய்ந்து வெடிக்கும். டேங்கின் அடியில் தண்ணீர் தேங்கி, டீசலும் தண்ணீரும் சேரும் இடத்தில் நுண்ணுயிர் வளர்ந்து கறுப்புச் சேறாகும். கரையில் நிற்கும்போது அது தெரியாது. அலை டேங்கைக் கலக்கியதும் ஃபில்டர் அடைத்து, நிற்கக் கூடாத இடத்தில் எஞ்சின் நின்றுவிடும்.

லாரி எஞ்சினை ரேடியேட்டரும் காற்றும் குளிர்விக்கின்றன. படகில் பெரும்பாலும் எஞ்சினுக்குள் சுற்றும் கூலன்டை ஹீட் எக்ஸ்சேஞ்சரில் கடல்நீர் குளிர்விக்கும். பிறகு அதே கடல்நீர் எக்ஸாஸ்ட் எல்போவில் சூடான புகையோடு கலந்து வெளியே போகும். உப்புநீரும் கொதிக்கும் புகையும் சந்திக்கும் இந்த முழங்கை வளைவைத்தான் நான் முதலில் பார்ப்பேன். உரிமையாளரைக் கேட்டு இடது எஞ்சினின் ஹோஸைக் கழற்றினோம். வெளியே புத்தம் புது வெள்ளை பெயின்ட். டார்ச் அடித்து உள்ளே ஸ்க்ரூ டிரைவரால் தட்டினால் துரு அடை அடையாக உதிர்ந்தது. தண்ணீர் போகும் வழியில் பாதி அடைபட்டிருந்தது. இந்த எல்போ உட்புறம் ஓட்டையானால், எஞ்சினை நிறுத்திய பிறகு கடல்நீர் பின்னோக்கி வடிந்து, திறந்திருக்கும் வால்வு வழியாக சிலிண்டருக்குள் இறங்கிவிடும். தண்ணீரை அமுக்க முடியாது. அடுத்த ஸ்டார்ட்டில் பிஸ்டனைத் தள்ளி இழுக்கும் கனெக்டிங் ராடு வளைந்துவிடும்.

கடல்நீர் பம்பின் மூடியையும் திறந்தோம். உள்ளே சுழன்று தண்ணீரைத் தள்ளும் சக்கரமான இம்பெல்லரின் ரப்பர் இதழ்களில் ஒன்று இல்லை. புதிய இம்பெல்லரின் விலை பெரிதல்ல. உடைந்த துண்டு எங்கே போயிற்று என்பதுதான் கவலை. ஹீட் எக்ஸ்சேஞ்சரின் மெல்லிய குழாய்களுக்குள் சிக்கியிருந்தால் எஞ்சின் சூடாகிக்கொண்டே இருக்கும், காரணமும் பிடிபடாது.

எந்த கம்பெனி எஞ்சின் நல்லது என்று மைத்துனர் கேட்டார். பெயரைவிட, உதிரிபாகமும் வேலை தெரிந்த மெக்கானிக்கும் பக்கத்தில் கிடைப்பதுதான் முக்கியம் என்பது என் கருத்து. படகு எஞ்சின்களில் பல, தரையில் ஓடும் எஞ்சினைக் கடலுக்கு மாற்றியவைதான். டிராக்டரில் ஓடிய பெர்கின்ஸ் 4.236 படகிலும் ஓடியது. லாரி ஓட்டிய கம்மின்ஸ் 5.9 லிட்டர் எஞ்சினும் அப்படித்தான். பிஸ்டன், பேரிங் வேலையெல்லாம் நம் ஊர் மெக்கானிக்குக் கைவந்த கலை. கடல்நீர் தொடும் பாகங்களுக்குத்தான் தனி ஆளும் தனிச் செலவும் வேண்டும்.

டீசல்தான் வேண்டும் என்று அவர் உறுதியாக இருப்பது எனக்கும் நிம்மதி. பெட்ரோல் ஆவி காற்றைவிடக் கனமானது. படகின் அடிவயிற்றில் தங்கினால் ஒரு பொறி போதும்.

அந்தப் படகை வேண்டாம் என்று சொல்லிவிட்டேன். இரண்டு எல்போ, ஹீட் எக்ஸ்சேஞ்சர், டேங்க் சுத்தம் என்று செலவு ஏறும். அதற்கு ஏற்ப விலையைக் குறைக்க உரிமையாளர் தயாராக இல்லை. அதோடு, நாங்கள் போனபோதே எஞ்சின் பிளாக் கை வைக்க முடியாத சூட்டில் இருந்தது. குளிர்ந்த எஞ்சின் எத்தனை சுற்றில் பிடிக்கிறது, முதல் புகை என்ன நிறம், அது எவ்வளவு நேரத்தில் தெளிகிறது என்பதெல்லாம் விற்கிறவர் சூடாக்கி வைத்துவிட்டால் நமக்குத் தெரியாமலே போய்விடும். நீலப் புகை ஆயில் எரிவதைக் காட்டும். தொடரும் கரும்புகை சுமை அதிகம் அல்லது காற்று போதவில்லை என்பதைக் காட்டும். நிற்காத வெள்ளைப் புகை எரியாத டீசலாகவோ தண்ணீராகவோ இருக்கும்.

அடுத்து ஒற்றை எஞ்சின் படகு ஒன்றைப் பார்க்கப் போகிறோம். முந்தின இரவிலிருந்து எஞ்சினைத் தொடக் கூடாது, ஆயிலை ஆய்வகத்துக்கு அனுப்பச் சம்மதிக்க வேண்டும், கடலில் முழு வேகத்தில் ஓட்டிக் காட்டி, எஞ்சின் கம்பெனி சொன்ன ஆர்பிஎம்மை (நிமிடச் சுற்று) தொடுகிறதா என்று பார்க்க விட வேண்டும் என்று மைத்துனர் முன்கூட்டியே பேசிவிட்டார். அதற்கு ஒத்துக்கொண்டால்தான் பாலக்காடு தாண்டுவோம்.