போகும்போது ஆறு, வரும்போது எட்டு

நியூயார்க்கிலிருந்து லண்டன் எவ்வளவு தூரம் என்று கேட்டால் 5,550 கிலோமீட்டர் சொச்சம் என்று சட்டென்று சொல்லிவிடுவேன். எத்தனை மணி நேரம் என்று கேட்டால்தான் இழுப்பேன், ஏனென்றால் அது நான் எந்தப் பக்கம் போகிறேன் என்பதைப் பொறுத்தது.

ஜனவரியில் லண்டனில் இருக்கும் அக்கா வீட்டுக்குப் போனபோது முன்சீட் திரையில் வேகம் மணிக்கு 1,080 கிலோமீட்டர் என்று காட்டியது. ஆறு மணி நேரத்துக்குச் சற்றுக் கூடுதலாகத்தான் வானத்தில் இருந்தோம். பத்து நாள் கழித்துத் திரும்பும்போது அதே மாதிரி விமானம், திரையில் 780-ஐத் தாண்டவே இல்லை, எட்டு மணி நேரம் ஓடியது. எல்லாம் ஜெட் ஸ்ட்ரீம் செய்யும் வேலை. மேற்கிலிருந்து கிழக்காக, விமானங்கள் பறக்கும் உயரத்திலேயே ஓடும் காற்றாறு அது. குளிர்காலத்தில் வேகம் இன்னும் கூடும். பரிசல் ஆற்றோடு போவதற்கும் எதிர்த்துப் போவதற்கும் உள்ள வித்தியாசம்தான், வேறொன்றுமில்லை.

2020 பிப்ரவரியில் ஒரு போயிங் 747 இதே வழியில் 4 மணி 56 நிமிடத்தில் லண்டன் போய்ச் சேர்ந்தது. தரையை வைத்துக் கணக்குப் போட்டால் உச்ச வேகம் மணிக்கு 1,300 கிலோமீட்டருக்கு மேல். ஒலியை முந்திவிட்டதா என்றால் இல்லை, சுற்றியிருந்த காற்றும் சேர்ந்து ஓடியது. நிஜமாக முந்தியது கான்கார்டு என்ற பயணிகள் விமானம்; 1996-இல் இதே தூரத்தை 2 மணி 52 நிமிடம் 59 விநாடியில் முடித்தது.

அப்புறம் வரைபடத்தில் விமானப் பாதையைக் காட்டும் அந்த வளைந்த கோடு. "மாமா, நேராப் போகாம ஏன் கனடா பக்கம் சுத்திட்டு வந்தீங்க?" என்று அக்கா மகன் கேட்டான். உருண்டையில் அதுதான் குறுக்கு வழி என்று ஒரு ஆரஞ்சுப் பழத்தில் நூல் பிடித்துக் காட்டினேன். நம்பினானா தெரியாது, பழத்தைத் தின்றுவிட்டான். ஆனால் குறுக்கு வழியிலேயே எல்லாரும் போவதும் இல்லை. காற்றைப் பார்த்து, கனடாவின் கேண்டரிலும் ஸ்காட்லாந்தின் பிரெஸ்ட்விக்கிலும் இருக்கும் விமானப் போக்குவரத்துக் கட்டுப்பாட்டாளர்கள் அட்லாண்டிக்குக்கு மேலே தடங்களைத் தினமும் புதிதாகப் போடுகிறார்கள். நேற்றுப் போன பாதை இன்றைக்கு இருக்காது.

இதில் ஒரு வேடிக்கை, சீக்கிரம் போய்ச் சேர்வது நல்லதே இல்லை. கிழக்கே போகும் விமானங்கள் பெரும்பாலும் இரவில்தான் கிளம்புகின்றன. சாப்பாடு போட்டு விளக்கணைக்கவே இரண்டு மணி நேரம், இறங்க ஒன்றரை மணி நேரம் இருக்கும்போதே காலை டிபன் என்று எழுப்பிவிடுவார்கள். நடுவில் எவ்வளவுதான் தூங்க முடியும்? லண்டன் கடிகாரம் வேறு ஐந்து மணி நேரம் முன்னால் ஓடுகிறது (மார்ச்சில் சில வாரமும் அக்டோபர் கடைசியில் ஒரு வாரமும் மட்டும் நான்கு, இரண்டு நாட்டிலும் கடிகாரத்தை வெவ்வேறு நாளில் திருப்புவதால்). அக்கா வாசலில் காபியோடு நிற்கிறாள், எனக்கோ உடம்பில் நடுராத்திரி.

அடுத்த தடவை காலை எட்டு மணி வாக்கில் கிளம்பும் பகல் விமானம்தான். அதிகம் கிடையாது, தேடிப் பிடிக்க வேண்டும். இரவு எட்டுக்கு இறங்கினால் பத்து மணிக்குள் அக்கா வீட்டில் சுடச்சுடத் தோசை, நேராகப் படுக்கை.