லைக்கன் ஸ்க்லரோசஸ்: களிம்பு பூசப் பழகிய கதை

இரவில் தூங்கவிடாத அரிப்பு. போன இடமெல்லாம் பூஞ்சைத் தொற்று என்று க்ரீம் எழுதிக் கொடுத்தார்கள். கடைசியில் ஒரு தோல் டாக்டர்தான் நல்ல வெளிச்சத்தில் பார்த்துவிட்டு, பிறப்புறுப்பின் வெளித்தோலும் ஆசனவாயைச் சுற்றிய இடமும் வெளுத்துச் சுருங்கியிருக்கிறது, இது லைக்கன் ஸ்க்லரோசஸ் என்றார். தொற்று இல்லை, உடலுறவால் வருவதும் இல்லை. மாதவிடாய் நின்ற பெண்களுக்கு அதிகம், சிறுமிகளுக்கும் வருமாம். அடக்கி வைக்கலாம், அடியோடு போகாது.

கொடுத்த மருந்து க்ளோபெட்டசால் 0.05% ஆயின்மென்ட். ஸ்டீராய்டு களிம்புகளில் மிக வீரியமான வகை. பெட்டிக்குள் இருந்த தாளைப் பிரித்தால், பிறப்புறுப்பில் பூசாதீர்கள் என்கிற மாதிரி எச்சரிக்கை! யாருக்குத்தான் கை வரும்? ட்யூபைத் திறக்காமலேயே டாக்டரிடம் திரும்பிப் போனேன். அது பொதுவாகப் போடும் எச்சரிக்கை, இந்த நோய்க்கு முதலில் கொடுப்பதே இதுதான் என்றார். தோல் மெலிந்துவிடாதா என்று கேட்டேன். சொன்ன அளவில் பூசினால் அந்தப் பயம் குறைவு. பூசாமல் விட்டால் நோய் தழும்பாக்கி, உள்ளிதழ்களை ஒட்டவைத்து, யோனி வாயையே குறுக்கிவிடும் என்றார். அப்புறம்தான் துணிந்தேன்.

முதல் மாதம் தினமும் இரவில் ஒருமுறை, அடுத்த மாதம் ஒருநாள் விட்டு ஒருநாள், மூன்றாவது மாதம் வாரத்துக்கு இரண்டு இரவு. ஒரு தடவைக்குப் பட்டாணி அளவு போதும். 30 கிராம் ட்யூப் மூன்று மாதமாவது வர வேண்டும் என்பது கணக்கு. எங்கே பூசுவது என்பதில்தான் எனக்குக் குழப்பம். கண்ணாடியைப் பிடித்து, வெளுத்த இடம் எது என்று டாக்டரே காட்டினார். கூச்சமாகத்தான் இருந்தது, ஆனால் அதைப் பார்க்காமல் பூசியிருந்தால் பாதி மருந்து வேறெங்கோ போயிருக்கும்.

ஒருமுறை கடையில் ஆயின்மென்டுக்குப் பதில் க்ரீமைக் கொடுத்துவிட்டார்கள். ஒரே எரிச்சல். க்ரீமில் சேர்க்கும் பதப்படுத்திகள் வெடித்த தோலுக்கு ஒத்துக்கொள்ளாதாம். பெயர் ஒன்றாக இருந்தாலும் ட்யூபில் 'ஆயின்மென்ட்' என்று இருக்கிறதா பார்த்து வாங்குங்கள்.

அந்த இடத்துக்கு சோப்பை அடியோடு நிறுத்திவிட்டேன். வாசனையில்லாத ஈரப்பதக் களிம்பைத் தேய்த்துக் கழுவுவதோடு சரி. சிறுநீர் பட்டால் சுரீர் என்கிற நாட்களில் போவதற்கு முன் பெட்ரோலியம் ஜெல்லி கொஞ்சம் தடவிக்கொள்வேன். ஸ்டீராய்டுக்கும் இதற்கும் நடுவே அரைமணி நேரமாவது இடைவெளி விட வேண்டும்.

அரிப்பு முதல் மாதத்துக்குள்ளேயே நன்றாக அடங்கியது. வெடிப்புகள் ஆறின. வெண்மை முழுதாக மாறவில்லை, மாறாமலும் போகலாம் என்றார்கள். க்ளோபெட்டசால் கேட்கவில்லை என்றால் ஸ்டீராய்டு அல்லாத டாக்ரோலிமஸ் களிம்பு உண்டு. ஆரம்பத்தில் எரியும் என்பதால் அது இரண்டாவது தேர்வுதான்.

அரிப்பே இல்லாவிட்டாலும் வாரம் ஒரு நாள் பூசுகிறேன், வருஷத்துக்கு ஒருமுறை காட்டிக்கொள்கிறேன். இந்த நோய் உள்ளவர்களில் 5 சதவீதத்துக்கும் குறைவானவர்களுக்கு அந்த இடத்தில் புற்றுநோய் வரலாம். அதனால் ஆறாத புண்ணோ தடித்த கட்டியோ தெரிந்தால் அடுத்த செக்கப் வரை காத்திருக்காமல் உடனே வரச் சொல்லியிருக்கிறார், தேவைப்பட்டால் பயாப்ஸி (சிறு துணுக்குத் தோலை எடுத்துச் சோதிப்பது) எடுப்பாராம்.