சிவப்புக்கு உயர வேண்டிய கை

மல்யுத்த நடுவர் இடது மணிக்கட்டில் சிவப்புப் பட்டையும் வலது மணிக்கட்டில் நீலப் பட்டையும் அணிய வேண்டும் என்பது விதி. சிவப்பு உடைக்காரர் ஒரு டேக்டவுன் எடுத்தால், அதாவது எதிராளியைத் தரையில் சாய்த்துப் பிடித்தால், இடது கையைத் தலைக்கு மேல் தூக்கி இரண்டு புள்ளிக்கு இரண்டு விரல்களைக் காட்ட வேண்டும். 19 ஆண்டுகள் யோசிக்காமல் செய்துவந்த இந்தக் காரியத்தைத் திரும்பவும் செய்வதற்கு எனக்கு 21 மாதங்கள் பிடித்தன. அதில் பெரும்பகுதியை உடம்பு எடுத்துக்கொண்டது. மீதியைக் காகிதம் எடுத்துக்கொண்டது. உடம்பின் மேல் எனக்கு வருத்தமில்லை.

சிகிச்சை ஒழுங்காகவே நடந்தது. வாலிபத்தில் போட்ட மாவாவுக்கான (புகையிலை கலந்த பாக்கு) கணக்கு 2022 செப்டம்பரில் இடது கன்னத்தின் உட்புறத்தில் புற்றுநோயாக வந்து நின்றது. கன்னத்தில் அறுவை, கூடவே கழுத்தில் நிணநீர் முடிச்சுகளை எடுத்தது, பிறகு 30 நாள் கதிர்வீச்சு, வாரம் ஒரு கீமோ. கதிர்வீச்சை எங்கள் சென்னை தண்டையார்பேட்டைப் பக்கம் ‘கரண்ட் வைப்பது’ என்பார்கள். டிசம்பர் பிறக்கும்போது கரண்ட் முடிந்துவிட்டது. முதலமைச்சர் காப்பீட்டுத் திட்டத்தில் எல்லாம் அடங்கிவிட்டதால் என் கையிலிருந்து போனது பெரும்பாலும் ஆட்டோ காசுதான்.

ஒழுங்காக நடக்காத ஒன்றைச் சொல்கிறேன், கழுத்தில் அறுவை செய்துகொள்ளப் போகிறவர்கள் கவனிக்கவும். தோளைத் தூக்கும் தசைக்குப் போகிற நரம்பு கழுத்தின் வழியாகத்தான் போகிறது. முடிச்சுகளை எடுக்கும்போது அந்த நரம்பை வெட்டாமல் காப்பாற்றினாலும், இழுபட்டதாலேயே அது மாதக்கணக்கில் படுத்துவிடும். இதை எனக்கு யாரும் முன்கூட்டிச் சொல்லவில்லை. சொல்லியிருக்கவும் கூடும், பயாப்சி முடிவைக் கையில் வைத்துக்கொண்டிருக்கிறவன் காதில் தோள் எப்படி ஏறும்? ஆனால் வாய்ப் புண் ஆறியபின் தோளும் தானாகச் சரியாகும் என்று நினைத்து நான்கு மாதங்களை வீணாக்கியது என் தவறு. பிசியோதெரபிக்குப் போனபோது இடது கை பக்கவாட்டில் தோள் மட்டத்துக்கு மேல் எழவில்லை. “முதல் மாசமே வந்திருக்கலாமே அண்ணா” என்றார் பிசியோதெரபிஸ்ட் பெண். தையல் பிரித்ததுமே பிசியோதெரபிக்குச் சீட்டு எழுதித் தரும்படி நீங்களாகக் கேளுங்கள். கேட்காதவருக்கு அந்தச் சீட்டு வருவதில்லை.

அவர் தந்த பயிற்சி, சுவரில் விரல்களால் ஏறுவது. சுவரைப் பார்த்து நின்று, சுட்டுவிரலும் நடுவிரலும் நடப்பதுபோல மேலே போக வேண்டும். வலி நிறுத்துகிற இடத்தில் பென்சிலால் ஒரு கோடு. எங்கள் கூடத்தில் தினத்தாள் காலண்டர் தொங்குகிற இடத்தில்தான் நின்று செய்வேன். முதல் கோடு காலண்டர் அட்டையின் அடி விளிம்புக்கு நான்கு விரற்கடை கீழே விழுந்தது. வாரத்துக்கு ஒரு கோடு வீதம் என் மனைவி போட்டுவந்தாள், சில வாரங்களில் பழைய கோட்டின் மேலேயே. அட்டைக்கு மேலே உள்ள ஆணியை விரல் தொட்டது 2023 நவம்பரில். ஆணியைத் தொட்டால் நடுவர் வேலைக்குப் போதும் என்று நானாகவே தீர்மானித்துக்கொண்டு, 2024 ஜனவரியில் மல்யுத்தச் சங்கத்துக்கு நடுவர் உரிமத்தைப் புதுப்பிக்க மனு கொடுத்தேன்.

அங்கே ஆரம்பித்தது. எந்தச் சங்கம் என்று எழுதப் போவதில்லை. அலுவலகத்தில் இருந்தவர், “பூரண குணமடைந்துவிட்டார்” என்று புற்றுநோய் மருத்துவர் கைப்பட எழுதிய சான்றிதழ் வேண்டும் என்றார். கேட்பதற்கு நியாயமாகத்தான் இருந்தது. மருத்துவமனையில் அரை நாள் வரிசையில் நின்று கேட்டபோது, ஐந்து ஆண்டுகள் முடியாமல் அந்த வார்த்தையை எழுத முடியாது என்று டாக்டர் சொல்லிவிட்டார். “நோய்க்கான அறிகுறி தற்போது இல்லை, தொடர் கண்காணிப்பில் உள்ளார்” என்று எழுதிக் கையெழுத்திட்டுத் தந்தார். எடுத்துக்கொண்டு ஓடினேன். ஓடினேன் என்பது பேச்சுக்கு. கொருக்குப்பேட்டை ரயில்வே கேட்டில் அடுத்தடுத்து இரண்டு சரக்கு வண்டிகளுக்காக ஆட்டோ நின்றது. அலுவலகம் மூட ஐந்து நிமிடம் இருக்கையில் போய்ச் சேர்ந்தேன். காகிதத்தைப் படித்த அவர் தலையை நிமிர்த்தாமலே, “தொடர் கண்காணிப்புன்னா இன்னும் பேஷன்ட்தானே சார்?” என்றார்.

அந்தக் கேள்விக்கு இன்றுவரை என்னிடம் பதில் இல்லை. அன்று அதைவிடப் பெரிய குறையும் கண்டுபிடித்தார்: சான்றிதழில் மருத்துவரின் பதிவு எண் இல்லை, முத்திரையும் இல்லை. இரண்டாவது நடை. அன்று அந்த டாக்டர் விடுப்பு. மூன்றாவது நடையில் முத்திரை கிடைத்தது, ஆனால் ‘குணமடைந்தார்’ கிடைக்கவில்லை. சரி, பொது மருத்துவர் ஒருவரிடம் உடற்தகுதிச் சான்று வாங்கிக் கொடுத்துவிடலாம் என்று எங்கள் தெருமுனை கிளினிக்குக்குப் போனால், பத்து வருடமாக என் ரத்த அழுத்தத்தைப் பார்த்துவருகிறவர், “கேன்சர் கேஸுக்கு நான் போடக் கூடாது, அங்கேயே வாங்கிக்குங்க” என்று ஐம்பது ரூபாயைக்கூட வாங்காமல் அனுப்பிவிட்டார். அங்கே போனால் இங்கே, இங்கே போனால் அங்கே. மூலப் பத்திரங்களைப் பற்றியும் ஒரு வார்த்தை: டிஸ்சார்ஜ் சம்மரியின் மூலப் பிரதியை எந்த மேசையிலும் விட்டுவிட்டு வராதீர்கள். நான் விட்டுவிட்டு வந்தேன். அதைத் திரும்ப வாங்க ஒரு மனு எழுத வேண்டியிருந்தது.

இந்த அலைச்சலுக்கு நடுவே, பிப்ரவரியில், வியாசர்பாடிப் பக்கம் ஒரு மைதானத்தில் சங்கம் எதையும் சாராத ஒரு ஞாயிற்றுக்கிழமைப் போட்டி நடந்தது. நடத்தியவர்கள் என்னிடம் முன்பு பழகிய பையன்கள். இரவல் மேட்டுகளை (மல்யுத்த விரிப்புகளை) டேப் போட்டு ஒட்டி, ஷாமியானா கட்டியிருந்தார்கள். உரிமம் கேட்க அங்கே ஆளில்லை. “வாத்தியாரே, நீங்க வந்தாப் போதும்” என்று கூப்பிட்டார்கள். போனேன். போனதில் இரண்டு தவறுகள் நடந்தன, இரண்டும் என்னுடையவை.

முதல் தவறு பட்டை. இடது கை மெதுவாக எழுகிறது என்பதைக் கவனித்த ஒரு பையன், பட்டைகளை மாற்றிக் கட்டிக்கொள்ளச் சொன்னான். அந்த நேரத்தில் அது புத்திசாலித்தனமாகப் பட்டது. சிவப்பை வலதுக்கும் நீலத்தை இடதுக்கும் மாற்றினேன். முதல் ஆட்டத்தில் நீலக்காரன் எதிராளியை வட்டத்துக்கு வெளியே தள்ளினான், ஒரு புள்ளி. என் வலது கை தானாக மேலே போனது. பலகையில் சிவப்புக்கு ஒன்று ஏறியது. திருத்தினேன். அடுத்த நிமிடமே மறுபடி அதே தவறு. 19 ஆண்டுப் பழக்கத்தை ஒரு நாடாவால் மாற்ற முடியாது. மேசையிலிருந்து ஆட்டத்தை மேற்பார்க்கும் மேட் சேர்மனின் கண்ணும் அதே பழக்கத்தில்தான் கைகளைப் பார்க்கிறது. இடைவேளையில் பட்டைகளைப் பழையபடி கட்டிக்கொண்டேன். இடது கை காது மட்டத்தில் நின்றுவிடும்போது உடம்பை வலப்புறம் சற்றுச் சாய்த்தால் கை உயர்ந்ததுபோலத் தெரியும் என்பதை அன்றுதான் கண்டுபிடித்தேன். அழகாக இருக்காது, ஆனால் புள்ளி பலகைக்குப் போய்ச் சேரும்.

இரண்டாவது தவறை லேசாகச் சொல்ல முடியாது. 57 கிலோ ஆட்டம். சிவப்புக்காரன் நீலத்தை மல்லாக்கத் தள்ளி மேலே படுத்துவிட்டான். நடுவர் இந்த நேரத்தில் குப்புறப் படுத்துக் கன்னத்தை மேட்டில் வைத்துத்தான் பார்க்க வேண்டும்; தோள்பட்டை எலும்பு இரண்டும் ஒரே நேரத்தில் தரையில் ஒட்டுகிறதா (ஒட்டினால் ஆட்டம் அத்தோடு முடிந்தது) என்பது நின்றுகொண்டு பார்த்தால் தெரியாது. படுத்தேன். தழும்பு இழுத்தது, பொருட்படுத்தவில்லை. மேட்டுக்கும் பையனின் தோளுக்கும் இடையே இருந்த வெளிச்சக் கீற்று ஒடுங்கி மறைவதைப் பார்த்தேன். மேட்டின் ஓரத்தில் உட்கார்ந்து புள்ளி குறிக்கும் ஜட்ஜை நோக்கினேன், அவர் ஆமோதித்தார், உள்ளங்கையால் மேட்டில் அடித்தேன், விசிலை ஊதினேன். புஸ் என்று காற்று வந்தது.

அறுவைக்குப் பிறகு என் கீழுதட்டின் இடது ஓரம் தளர்ந்துவிட்டது, கதிர்வீச்சுக்குப் பிறகு வாயில் எச்சிலும் கிடையாது. வீட்டில் ஊதிப் பார்த்தபோது விசில் வந்தது. வீட்டில் நான் மூச்சு வாங்கிக்கொண்டிருக்கவில்லை. கூட்டத்தின் கூச்சலில் மேட்டில் அடித்தது மேலே இருந்தவனுக்குக் கேட்கவில்லை, விசில் வரும்வரை விடக் கூடாது என்றுதான் அவனுக்குச் சொல்லிக்கொடுத்திருக்கிறோம், அவன் விடவில்லை. இரண்டு வினாடிதான் இருக்கும், அவன் தோளைப் பிடித்து இழுத்தேன். கீழே இருந்தவனுக்குக் கழுத்தில் ஒன்றும் ஆகவில்லை, சிரித்துக்கொண்டே எழுந்தான். எனக்குக் கால் நடுங்கியது. அன்று மீதி ஆட்டங்களுக்கு வேறொருவரிடம் விசிலைக் கொடுத்துவிட்டு ஜட்ஜ் நாற்காலியில் உட்கார்ந்துகொண்டேன்.

முதலிலேயே அதைச் செய்திருக்க வேண்டும். சிகிச்சைக்குப் பின் திரும்புகிறவர்கள் மேட்டுக்கு வரும் முன்பு ஒரு மாதமாவது ஜட்ஜாக இருங்கள். அங்கே விசில் வேண்டாம், படுத்து எழ வேண்டாம், ஆட்டத்தின் வேகம் மட்டும் கண்ணுக்குப் பழகும். விசிலுக்கு எனக்கு உதவியவை மூன்று சின்ன விஷயங்கள். உள்ளே உருண்டை இல்லாத விசில். அதன் வாயில் மாட்டுகிற ரப்பர் உறை, அது இருந்தால் வலது கடைவாய்ப் பல்லால் கவ்விக்கொள்ளலாம். பிறகு, மூன்று நிமிடச் சுற்றுகள் இரண்டுக்கும் இடையே கிடைக்கிற 30 வினாடியில் ஒரு மிடறு தண்ணீர். சேர்மன் மேசைக்கு அருகே பாட்டில் வைக்க முன்கூட்டியே அனுமதி கேளுங்கள். வாய் திறப்பதற்கு ஐஸ் குச்சிகளை அடுக்கிப் பற்களுக்கிடையே வைக்கும் பயிற்சியை நான் நிறுத்தவே இல்லை. 11 குச்சியில் ஆரம்பித்து 17 வரை வந்திருக்கிறேன்.

காகிதம் தீர்ந்தது ஏப்ரலில். அந்த இரண்டு வினாடிகள்தான் வழி காட்டின என்று சொல்ல வேண்டும். மூன்று மாதமாக நான் எல்லோரிடமும் கேட்டது “எனக்குக் குணமாகிவிட்டதா” என்ற ஒன்றைத்தான். அந்தப் பையனுக்கு என் புற்றுநோயால் ஆபத்து வரவில்லை, என் விசிலால் வந்தது. அதனால் ஒரு வெள்ளைத்தாளில், நடுவர் என்ன செய்ய வேண்டும் என்று நானே எழுதினேன்: ஆறு நிமிட ஆட்டத்தில் பல முறை மண்டியிட்டு எழுவது, குப்புறப் படுப்பது, இரு கைகளையும் தலைக்கு மேல் உயர்த்துவது, மேசையிலிருந்து வரும் மணியோசையைக் கேட்பது, விசில் ஊதுவது. கீமோ மருந்து காதைப் பாதிக்கக் கூடியது என்பதால் காது பரிசோதனைச் சீட்டையும் இணைத்தேன். கையின் அளவைப் பிசியோதெரபிஸ்ட் கருவி வைத்து அளந்து எழுதினார். டாக்டர் தாளை மேலிருந்து கீழ்வரை படித்துவிட்டு, “இதை முதல்லயே கொண்டுவந்திருக்கக் கூடாதா?” என்று கேட்டபடி, மேற்கண்ட பணிகளைச் செய்ய மருத்துவத் தடை ஏதும் இல்லை என்று எழுதினார். பதிவு எண், முத்திரை, தேதி மூன்றும் இருக்கின்றனவா என்று அவர் எதிரிலேயே சரிபார்த்தேன். அலுவலகத்தில் அதே மனிதர் அதே நாற்காலியில், ‘தகுதி’ என்ற கட்டத்தில் டிக் போட்டார். ஒரு கேள்வியும் கேட்கவில்லை. மே மாதம் மூத்த நடுவர் ஒருவர் முன்னிலையில் செய்முறைத் தேர்வு நடந்தது, தேறினேன். ஜூனில் உரிமம் வந்தது.

உரிமத்தில் இருந்தது பழைய கோப்பிலிருந்து எடுத்த புகைப்படம். புதிதாக இரண்டு படம் கொடுத்திருந்தேன், அவை எங்கே போயின என்று தெரியவில்லை. அந்த மாதக் கடைசியில் நடந்த போட்டியில், வாசலில் நின்ற பையன் அட்டையையும் என் கன்னத்தையும் மாறி மாறிப் பார்த்துவிட்டு, “சார், இது உங்க தம்பியா?” என்றான். உள்ளேயிருந்து யாரோ கை காட்டியதால் விட்டான்.

காலையில் எழுந்ததும் சுவரில் ஆணிக்கு மேலே மூன்று முறை ஏறிவிட்டுத்தான் கிளம்பியிருந்தேன். பட்டைகளை முறைப்படி கட்டிக்கொண்டு, ரப்பர் உறையைக் கவ்விக்கொண்டு மேட்டின் நடுவே நின்றேன். ஃப்ரீஸ்டைல் ஆட்டம். முதல் டேக்டவுன் நீலத்துக்கு. அடுத்ததும் நீலத்துக்கு. மூன்றாவது நிமிடம் முடிவதற்குள் 10–0 ஆகி, பத்துப் புள்ளி முன்னிலை என்பதால் ஆட்டம் அத்தோடு முடிந்தது. விசில் நன்றாக ஒலித்தது. இடது கைக்கு அந்த ஆட்டத்தில் ஒரு வேலையும் இல்லை. வென்றவனின் கையை உயர்த்திவிட்டு, அடுத்த இருவரைக் கூப்பிடும் முன் ஒரு மிடறு தண்ணீர் குடித்தேன்.