சான் அன்டோனியோ: அலமோவுக்குத் தெற்கே இருக்கும் நகரம்

டெக்சஸ் மாநிலத்தின் சான் அன்டோனியோ நகருக்குப் போகிறவர்களில் பெரும்பாலோர் 1836இல் போர் நடந்த அலமோ என்னும் பழைய கட்டடத்தின் முன் நின்று படம் எடுத்துக்கொண்டு, ஆற்றங்கரை உணவகங்களில் சாப்பிட்டுவிட்டுத் திரும்பிவிடுகிறார்கள். அலமோ கட்டாயம் பார்க்க வேண்டிய இடம்தான். ஆனால், ஸ்பானியப் பேரரசின் வடக்கு எல்லையில் ஓர் ஊர் எப்படி எழுந்தது, அதை யாருடைய உழைப்பு தாங்கி நின்றது என்று அறிய விரும்புகிறவர்கள், நகரின் தெற்குக் கோடியில் உள்ள எஸ்பாடா என்னும் பழைய கிறித்தவக் குடியிருப்பில் தொடங்கி, ஆற்றின் போக்குக்கு எதிராக வடக்கு நோக்கி வர வேண்டும் என்பது என் உறுதியான கருத்து.

கிழக்கே லூசியானாவில் பிரெஞ்சுக்காரர்கள் காலூன்றிவிட்டதைக் கண்டு அஞ்சிய ஸ்பெயின், 1718ஆம் ஆண்டில் இங்கே ஒரு மிஷனையும் (பூர்வகுடிகளைக் கிறித்தவர்களாக்கிக் குடியமர்த்தும் சமயக் குடியிருப்பு) ஒரு படைக் காவல் நிலையத்தையும் நிறுவியது. அந்த முதல் மிஷனே பின்னாளில் அலமோ ஆயிற்று. 1720இல் சான் ஹோசே மிஷன் தோன்றியது. கிழக்கு டெக்சஸில் நிலைக்க முடியாமல் போன எஸ்பாடா, கான்செப்சியோன் உள்ளிட்ட மூன்று மிஷன்கள் 1731இல் இதே ஆற்றங்கரைக்கு இடம் மாற்றப்பட்டன. இந்த ஐந்தும் 2015இல் யுனெஸ்கோவின் உலகப் பாரம்பரியச் சின்னங்களாக அறிவிக்கப்பட்டன.

எஸ்பாடாவில் தேவாலயத்துக்கு முன்பாகவே பார்க்க வேண்டியது அதன் தொட்டிப்பாலம். ஆற்றில் அணை கட்டித் திருப்பிய நீரை வயல்களுக்குக் கொண்டுபோகும் வாய்க்காலின் குறுக்கே ஓர் ஓடை வந்துவிட்டதால், அதன் மேலாக இரண்டு கல் வளைவுகளை எழுப்பி, அவற்றின் மீது நீரை நடத்தியிருக்கிறார்கள். 1740களில் கட்டப்பட்ட அந்தப் பாலத்தில் இன்றும் தண்ணீர் ஓடுகிறது. கீழே ஓடை தன் வழியில் போக, ஆளுயரத்துக்கும் மேலே, சுண்ணாம்புக் காரையால் பிணைத்த கற்களின் நடுவே, ஒரு குறுகிய வாய்க்கால் அமைதியாக நகர்வதை அருகில் நின்று பார்க்கும்போது, இந்த எல்லைப்புற ஊரை வாழவைத்தவை துப்பாக்கிகளைக் காட்டிலும் அணையும் மதகும் வாய்க்காலும்தான் என்பது விளங்கிவிடும்.

அந்த வாய்க்கால்களை வெட்டியவர்களும் வயல்களில் பாடுபட்டவர்களும் இம்மண்ணின் பூர்வகுடிகள். கோவாஹுயில்டெக்கன் என்று இன்று பொதுவாக அழைக்கப்படும் பல சிறு குழுக்கள், வடக்கிலிருந்து வந்த அப்பாச்சிகளின் தாக்குதலுக்கும் ஐரோப்பியர் கொண்டுவந்த நோய்களுக்கும் இடையே நெருக்குண்டு, மிஷன் சுவர்களுக்குள் அடைக்கலம் தேடின. உணவும் பாதுகாப்பும் கிடைத்தன. அதற்கு விலையாகத் தங்கள் மொழியையும் வழிபாட்டையும் அலைந்து திரியும் வாழ்க்கையையும் இழக்க நேர்ந்தது. மணியோசைக்குக் கட்டுப்பட்ட அந்த வாழ்வைச் சகிக்காமல் ஓடிப்போனவர்களும் உண்டு. அவர்களைத் தேடிப்பிடித்துத் திரும்ப அழைத்துவந்ததும் உண்டு. சான் ஹோசேயில், சிற்ப வேலைப்பாடு நிறைந்த ரோஜாச் சாளரத்தின் முன் கூட்டம் நிற்கும். அதைப் பார்த்து முடித்த பிறகு, சுற்றுமதிலை ஒட்டி வரிசையாக அமைந்த சிறிய அறைகளுக்குள்ளும் போய்ப் பாருங்கள். மதிலும் அறைகளும் பெருமளவுக்கு 1930களில் மீட்டெழுப்பப்பட்டவை என்றாலும், ஒரு குடும்பத்துக்குக் கிடைத்த இடம் எவ்வளவு என்பதை அவை தெளிவாகவே காட்டுகின்றன.

கான்செப்சியோன் மிஷனின் கல் தேவாலயம் 1755இல் நிறைவுற்றது. அங்கே ஓர் அறையின் கூரையில் மீசை வைத்த சூரிய முகம் ஒன்று தீட்டப்பட்டிருக்கிறது. வண்ணம் மங்கியும் பார்வை மங்காத அந்த முகத்தைத் தவறவிட வேண்டாம்.

நகருக்குள் வந்த பின், காசா நவார்ரோ என்னும் எளிய வீட்டுக்குச் சிறிது நேரம் ஒதுக்கலாம். 1795இல் இவ்வூரில் பிறந்த ஹோசே அன்டோனியோ நவார்ரோ, மெக்சிகோவிடமிருந்து பிரிந்த டெக்சஸின் விடுதலைப் பிரகடனத்தில் கையொப்பமிட்டவர்களுள் அம்மண்ணிலேயே பிறந்த இருவரில் ஒருவர். ஸ்பெயின், மெக்சிகோ, டெக்சஸ் குடியரசு, அமெரிக்கா என்று ஆட்சிகள் அவர் வாழ்நாளிலேயே மாறிக்கொண்டே வந்தன. எல்லை ஊரில் வாழ்வது எத்தகையது என்பதற்கு அவர் வாழ்க்கையைவிடச் சிறந்த சான்றை நான் அறியேன்.

இவ்வளவையும் பார்த்துவிட்டு அலமோவுக்கு வந்தால், அது வேறொன்றாகத் தெரியும். 1836 பிப்ரவரி 23 முதல் மார்ச் 6 வரை நீடித்த முற்றுகையில், மெக்சிகோவின் தலைவர் சாண்டா அன்னாவின் படைக்கு எதிராக, டெக்சஸின் விடுதலைக்காக அலமோவுக்குள் இருந்த டிராவிஸ், போயி, குரோக்கெட் முதலியோர் போரிட்டு மாண்ட கதையை உலகமே அறியும். உலகம் முழுவதும் அடையாளம் காணும் அந்த வளைந்த முகப்பு உச்சியோ, போருக்குப் பின் 1850இல் அமெரிக்க ராணுவம் சேர்த்தது. மெக்சிகோ 1829இல் அடிமை முறையை ஒழித்ததும், டெக்சஸ் குடியரசின் 1836ஆம் ஆண்டு அரசியல் சட்டம் அதைச் சட்டப்படி நிலைநாட்டியதும் இந்தப் போரின் வரலாற்றோடு பிணைந்தவை. முற்றுகையில் உயிர் தப்பியவர்களுள் ஜோ என்பவர் டிராவிஸின் அடிமை. மிஷன் காலத்தில் இறந்த பூர்வகுடியினர் பலர் புதைக்கப்பட்டதும் இதே வளாகத்தில்தான். வீரத்தைப் போற்றுவதோடு இவற்றையும் சேர்த்துச் சொன்னால்தான் அந்த இடத்துக்கு நாம் நியாயம் செய்தவர்களாவோம்.

தெற்கு மிஷன்கள் நான்கையும் ஆற்றோரப் பாதை வழியே மிதிவண்டியிலேயே பார்க்கலாம். கோடையில் வெயில் கடுமையாக இருக்கும் என்பதால் காலையிலேயே கிளம்புவது நல்லது. அந்த நான்கு தேவாலயங்களிலும் இன்றும் வழிபாடு நடக்கிறது. மிஷன் காலத்துப் பூர்வகுடிகளின் வழிவந்த குடும்பங்களும் அங்கே வருகின்றன என்பதால், ஞாயிற்றுக்கிழமைகளில் திருப்பலி முடிந்த பிறகு உள்ளே செல்வதே முறை.