குதிரைக்காரரின் இடது தோள்

நாவல் எழுதப் போகிறேன் என்று வீட்டில் சொன்னபோது யாரும் நம்பவில்லை, எனக்கே அரைகுறை நம்பிக்கைதான். சேலத்தில் ஒரு வக்கீலிடம் இருபத்திரண்டு வருடமாகக் குமாஸ்தா வேலை. கட்டு கட்டுவது, நகல் மனு போடுவது, வாய்தா குறிப்பது, இதுதான் என் கை பழகின எழுத்து. மூன்றரை வருடம் இழுத்து, நாலு தடவை திருத்தி எழுதி, போன மாதம் ஒருவழியாகப் பிரதியைப் பதிப்பகத்தில் கொடுத்துவிட்டு வந்தேன். வெள்ளைக்காரன் காலத்துச் சாவு ஒன்றை வைத்து மர்மக் கதை எழுத நினைக்கிறவர்கள் நான் விழுந்த குழியிலாவது விழாமல் இருக்கட்டும் என்றுதான் இதை எழுதுகிறேன்.

முதல் பிரதியில் செத்தது துரை. 1890களில் ஏற்காட்டில் ஒரு காப்பித் தோட்டம் (கலெக்டர் காக்பர்ன் 1820களிலேயே அங்கே காப்பியைக் கொண்டுவந்துவிட்டார், ஆகவே அதில் பிழையில்லை), அதன் துரை பங்களா அறையில் பிணமாகக் கிடக்கிறார், கதவு உள்தாழ்ப்பாள். சாவை விசாரிக்கிற அதிகாரியாக ஒரு கரோனர் வருகிறார், ஜூரி உட்காருகிறது. இப்படி நூற்றைம்பது பக்கம். தினம் பிரேத விசாரணை அறிக்கையைக் கையால் புரட்டுகிறவன் நான், குற்ற நடைமுறைச் சட்டத்தில் அதற்கான பிரிவு பழைய 174, இப்போது 194, தூக்கத்தில் எழுப்பிக் கேட்டாலும் சொல்வேன். ஆனால் கதை என்று உட்கார்ந்ததும் சின்ன வயதில் படித்த மொழிபெயர்ப்புத் துப்பறியும் கதைகள் மண்டையில் ஏறிக்கொண்டன. கரோனர் எல்லாம் கல்கத்தா, பம்பாய் போன்ற மாகாணத் தலைநகரங்களுக்குத்தான், 1871 சட்டத்திலேயே இருக்கிறது. சேலம் ஜில்லாவில் யாராவது செத்தால் கிராம முன்சீப்பும் (ஊர்த் தலைமைக்காரர்) போலீசும் பஞ்சாயத்தாரும்தான் பிணத்தைச் சுற்றி நிற்பார்கள்.

அதை எங்கள் சீனியர்தான் சிரித்துக்கொண்டே பிடித்தார். அவர் கேட்ட அடுத்த கேள்வியில்தான் நாவலே மாறிப்போனது. "ஏம்ப்பா, துரை செத்தா ஊரே விசாரிச்சிருக்கும், அதுல என்ன மர்மம்? துரை கையால செத்தவனைப் பத்தி எழுதேன்."

அன்றைக்கு அவர் சொன்னதுதான் ஃபுல்லர் வழக்கு. ஆக்ரா, 1876. ஃபுல்லர் என்ற வெள்ளைக்கார வக்கீல், ஞாயிற்றுக்கிழமை சர்ச்சுக்குக் கிளம்ப வண்டி வாசலுக்கு வந்தபோது அங்கே இல்லாததற்காகத் தன் குதிரைக்காரரை அடித்துத் தள்ளினார். அந்த மனிதர் எழுந்து அந்தப் பக்கம் போய் விழுந்து செத்தார். மண்ணீரல் வீங்கியிருந்தது, அதனால் வெடித்தது என்று மருத்துவ சாட்சியம். மாஜிஸ்ட்ரேட் போட்டது வெறும் காயம் விளைவித்த குற்றம், அபராதம் முப்பது ரூபாய், அதுவும் இறந்தவரின் மனைவிக்குக் கொடுக்க. வைஸ்ராய் லிட்டன் தலையிட்டுக் கண்டித்தார், அதற்கு இங்கிருந்த வெள்ளைக்காரர்கள் அவர் மேலேயே பாய்ந்தார்கள். இது ஏதோ ஒரு வழக்கு இல்லை. மலேரியாவால் மண்ணீரல் வீங்கின கூலி, லேசான அடி, தற்செயலான சாவு என்று அந்தக் காலத்தில் திரும்பத் திரும்ப வந்த கதை.

நூற்றைம்பது பக்கத்தையும் மேஜை இழுப்பறையில் போட்டேன். மனசு வலித்தது, பொய் சொல்லவில்லை.

புதுக் கதையில் தோட்டத்துக் குதிரைக்காரர் சாகிறார். நடந்த சம்பவம் இல்லை, நானே கட்டியது. துரை உதைத்ததைப் பார்த்த ஆள் இருக்கிறது. ஆனால் குதிரைக்காரர் அன்றைக்குச் சாகவில்லை. மறுநாள் எழுந்து வேலை பார்க்கிறார், அதற்கு மறுநாள் மலையிறங்கி ஊருக்குப் போகும் வழியில், அடிவாரத்துக்குச் சற்று மேலே, உட்கார்ந்தவர் எழவில்லை. 'காய்ச்சல்' என்று எழுதி மூடிவிடுகிறார்கள். யார் அடித்தது என்பதில் மர்மமே கிடையாது, அந்த அடிதான் கொன்றது என்பதை எப்படி நிரூபிப்பது என்பதுதான் கதை. இரண்டு நாள் நடமாடியவர் உதையால் செத்தார் என்று சொன்னால் யார் ஒப்புவார்கள்?

இங்கே ஏழு மாதம் முட்டிக்கொண்டு நின்றேன். அப்புறம் ஆயிரக்கணக்கில் பிரேதப் பரிசோதனை செய்த, ஓய்வுபெற்ற டாக்டர் ஒருவரைப் பிடித்தேன். தட்டுவடை செட் இரண்டு பொட்டலம் வாங்கிக்கொண்டு போனேன், அவருக்கு ரொம்பப் பிடிக்கும் என்று தெரியும். மண்ணீரல் இடது பக்கம், ஒன்பது முதல் பதினொன்றாவது விலா எலும்புக்கு அடியில் இருக்கிறது என்று என் விலாவிலேயே விரலால் குத்திக் காட்டினார். அடி பட்டதும் உறைக்குள்ளேயே ரத்தம் கட்டி நிற்கும், ஆள் நடப்பான், பேசுவான், சாப்பிடுவான், இரண்டு நாள் கழித்துக்கூட உறை கிழிந்து வயிற்றுக்குள் கொட்டும், மலேரியாவில் பருத்த மண்ணீரல் என்றால் கேட்கவே வேண்டாம் என்றார். நான் எழுந்து கிளம்பும்போது, வாசல் வரை வந்தவர் சாவகாசமாகச் சொன்னார்: "அப்படிப்பட்டவனுக்கு இடது தோள்பட்டை வலிக்கும். வயித்துல கசியற ரத்தம் உதரவிதானத்தைச் சீண்டும், வலி தோள்ல தெரியும். படுத்தா இன்னும் அதிகம்."

பஸ்ஸில் வரும்போது கை நடுங்கியது. குதிரைக்காரரின் மனைவி விசாரணையில் சொல்லும் சாட்சி எனக்குக் கிடைத்துவிட்டது: "தோளு வலிக்குதுன்னு ராத்திரி பூரா படுக்காம உக்காந்தே இருந்தாருங்க. சேணம் தூக்கினதுல பிடிச்சிருக்கும்னு நெனச்சேன்." அதை முன்சீப் எழுதிக்கொள்கிறார், யாரும் பொருட்படுத்துவதில்லை. நூறு வருடத்துக்கு மேல் கழித்து அந்தக் காகிதத்தைப் படிக்கிற ஒரு ஆளுக்குத்தான் அது உறைக்கிறது. அந்த ஆள் வக்கீல் குமாஸ்தா, வேறு யாராக இருக்க முடியும்.

சட்டப் பக்கமும் ஒன்று மாட்டியது. 1860ல் எழுதின இந்திய தண்டனைச் சட்டத்தில், 299வது பிரிவின் முதல் விளக்கமே, ஏற்கெனவே நோயுள்ளவனுக்குக் காயம் விளைவித்து அவன் சாவைத் துரிதப்படுத்தினால் அந்தச் சாவை விளைவித்ததாகவே கருத வேண்டும் என்கிறது. சாகடிக்கும் நோக்கம் இருந்ததா, தெரிந்தே செய்தானா என்பது தனிக் கேள்வி, அது வேறு. ஆனால் 'நோயாளி, அதனால் செத்தான்' என்ற பேச்சுக்கு அந்தப் புத்தகத்திலேயே பதில் அச்சாகி இருந்தது. அதை வைத்துக்கொண்டும் அப்படித் தீர்ப்பு எழுதினார்கள். வெள்ளைக்காரக் குற்றவாளி கேட்டால் ஜூரியில் பாதிக்குக் குறையாமல் ஐரோப்பியரோ அமெரிக்கரோ இருக்க வேண்டும் என்று 1884ல் வேறு சட்டம் வந்தது. இந்த இடத்தை எழுதும்போது கோபத்தில் நாலு பக்கம் பிரசங்கம் செய்துவிட்டேன், மூன்றாவது திருத்தத்தில் எல்லாவற்றையும் வெட்டினேன். விளக்கத்தை ஒரு கிழக் கோர்ட் குமாஸ்தா வாய்விட்டுப் படிக்கிறார், அவ்வளவுதான் இப்போது இருக்கிறது.

பழைய காகிதம் தேடி எழும்பூர் ஆவணக் காப்பகத்துக்கு ஆறு தடவை போனேன், இரவு ரயிலில் போய் இரவு ரயிலில் திரும்புவது. அங்கே கற்றுக்கொண்டது ஒன்றுதான். நான் புரட்டிய அட்டவணைகளில் இப்படிப்பட்ட சாவுகளை அடித்தவன் பெயரை வைத்துத்தான் தேட முடிந்தது, செத்தவர் 'ஒரு கூலி' என்று உள்ளே எங்காவது கிடப்பார். இது தெரியாமல் முதல் மூன்று பயணம் வீண்.

இடம் பார்ப்பதிலும் அசட்டுத்தனம் உண்டு. இன்றைய இருபது கொண்டை ஊசி வளைவையும் அப்படியே 1890களில் போட்டுவிட்டேன். துரைமார் குதிரையிலும் டோலியிலும் போக, மற்றவர்கள் நடந்து ஏறிய காலம் அது. அப்புறம் அந்த மலையிலேயே வாழும் மலையாளிப் பழங்குடிப் பெரியவர் ஒருவரோடு ஒற்றையடிப் பாதையில் கிட்டத்தட்ட 1,200 மீட்டர் இறங்கினேன். முழங்கால் நாலு நாள் பேசவில்லை. ஆனால் வயிற்றுக்குள் ரத்தம் கசிகிற மனிதர் எந்தப் பாறையில் உட்காருவார் என்று தெரிந்துகொண்டேன். நிலா வெளிச்சத்தில் சாட்சி பார்த்ததாக எழுதிய இரவு, கணக்குப் போட்டால் அமாவாசை, தேதியைப் பத்து நாள் தள்ளினேன். பல்லாவரத்தில் 1863ல் கற்கோடரி கண்டெடுத்த புரூஸ் ஃபூட் கடைசிக் காலத்தில் ஏற்காட்டில் இருந்தவர், அவரைத் துப்பறிய விடலாம் என்ற சபலமும் வந்தது. நல்லவேளை, விட்டுவிட்டேன்.

கடைசி அத்தியாயம் மட்டும் ஒத்துவரவே இல்லை. சாவைக் காய்ச்சல் என்று மூடினாலும், உதைத்ததற்கு என் கதையிலும் அபராதம் முப்பது ரூபாய்தான். அதை வாங்கக் குதிரைக்காரரின் மனைவி கோர்ட்டுக் கச்சேரிக்கு வருகிறாள். இரண்டாவது பிரதியில் காசை மேஜையில் வீசிவிட்டுப் போனாள். மூன்றாவதில் கைநாட்டு வைக்க மறுத்தாள். வீட்டில் படிக்கக் கொடுத்தேன், என் மனைவி ஒரே கேள்விதான் கேட்டாள்: "மேஸ்திரிகிட்ட வாங்கின முன்பணம் என்னாச்சு?"

தோட்டத்துக்கு ஆள் சேர்க்கும் மேஸ்திரியிடம் முன்பணம் வாங்கிவிட்டு வேலைக்கு வராவிட்டால் தண்டிக்க 1859லேயே சட்டம் இருந்ததை நானே ஐந்தாவது அத்தியாயத்தில் எழுதியிருந்தேன், மறந்துபோனேன். குதிரைக்காரர் பெயரில் நாற்பத்திரண்டு ரூபாய் பாக்கி என்றும் அங்கேயே போட்டிருந்தேன்.

இப்போது அவள் கைநாட்டு வைத்து, எண்ணி வாங்கி, முந்தானையில் முடிகிறாள். கச்சேரி வாசலில் மேஸ்திரி நிற்கிறான்.