ஸ்கான் படங்களைக் கிட்டில் வைப்பதென்றால்

யாழ்ப்பாணத்தில் பழைய பத்திரிகை, பாடசாலை மலர் என்று ஸ்கான் செய்யும் இடங்களில், நிரலும் படங்களும் ஒரே ரிப்போவுக்குள், அதாவது கோப்புகளின் மாற்றங்களைப் பதிந்து வைக்கும் கிட் மென்பொருளின் களஞ்சியத்துக்குள், போய்ச் சேர்வது வழமை. முதல் மாதம் ஒன்றும் தெரியாது. ஏ4 தாளை 300 டிபிஐயில் முழு நிறத்தில் எடுத்து, சுருக்காத டிஃப் (TIFF) படக்கோப்பாக வைத்தால் ஏறத்தாழ 26 எம்பி. 200 பக்க மலர் 5 ஜிபியைத் தாண்டும். சரிந்த பக்கத்தை ஒரு பாகை நிமிர்த்திச் சேமித்தாலே எல்லாப் படப்புள்ளிகளும் மாறிவிடும். வித்தியாசத்தை மட்டும் சேமித்து இடத்தை மிச்சம் பிடிக்கும் கிட்டின் வேலை அங்கே எடுபடாது. கிட்டத்தட்ட முழுப்படமும் மறுபடி வரலாற்றில் ஏறும்.

கோப்பை அழித்துக் கொமிட் செய்தாலும் (அதாவது அந்த மாற்றத்தை வரலாற்றில் பதிந்தாலும்) அந்த இடம் மீளாது. 100 எம்பிக்கு மேற்பட்ட கோப்பை, ரிப்போக்களை இணையத்தில் வைத்திருக்கும் கிட்ஹப் ஏற்காது. அடுத்த கொமிட்டில் அழித்துவிட்டு அங்கே அனுப்பினாலும் (புஷ்) முந்தைய கொமிட்டில் அது கிடப்பதால் மறுக்கும்.

ஆகவே முதல் படம் உள்ளே போகுமுன்பே பெரிய கோப்புகளை வெளியே வைக்கும் நீட்சியான கிட் எல்எஃப்எஸ்ஸை நிறுவி, எந்தக் கோப்புகள் அதற்குப் போகவேண்டும் என்று சொல்லும் கிட்ஆட்ரிபியூட்ஸ் கோப்பைக் கொமிட் செய்துவிட வேண்டும். அதன்பின் ரிப்போவில் இருப்பது படத்தைச் சுட்டும் மூன்று வரிப் பொயின்டர் மட்டுந்தான்: பதிப்பு, ஷா256 அடையாளம், பைட் அளவு. படம் தனிச் சேமிப்பில் இருக்கும். இங்கே அடிக்கடி பிழைப்பது கோப்பின் பின்னொட்டு. ‘டிஃப்’ என்பதைச் சிறிய எழுத்தில் குறித்துவிட்டு, ஸ்கானர் பெரிய எழுத்தில் சேமித்தால் லினக்ஸில் அது பொருந்தாது. படம் சத்தமில்லாமல் சாதாரண கிட்டுக்குள் போய்விடும். இரண்டு வடிவத்தையும் எழுதுங்கள். ஏற்கெனவே ஏறிய படங்களை எல்எஃப்எஸ்ஸின் ‘மைக்ரேட் இம்போர்ட்’ கட்டளை வெளியே எடுக்கும். ஆனால் வரலாறு மாறுவதால் எல்லோரும் ரிப்போவின் பிரதியை (கிளோன்) புதிதாக எடுக்க வேண்டும்.

வேகம் குறைந்த இணைப்பென்றால், படங்களைத் தவிர்த்துக் கிளோன் செய்து, வேலைக்கு வேண்டிய கோப்புறையை மட்டும் இழுக்கலாம். ஒரே படத்தை இருவர் திருத்தினால் இணைக்க வழியில்லை. தொடுமுன், மற்றவர் திருத்தாதபடி எல்எஃப்எஸ்ஸில் லொக் போடுங்கள்.

1981இல் நூலகம் எரிந்த ஊர் இது. சில மலர்களுக்கு மிஞ்சியது ஒரே பிரதி. சாதாரண கிட்டில் ஒவ்வொரு முழுக் கிளோனும் முழு வரலாற்றையும் சுமக்கும். எல்எஃப்எஸ்ஸில் அப்படியில்லை: கிளோனில் இருப்பது அப்போது எடுத்த பதிப்பின் படங்களே. சேவையகம் போனால் பழைய பதிப்புகளும் போகும். வாரம் ஒருமுறை எல்லாப் பதிப்புகளின் படங்களையும் இழுக்கும் எல்எஃப்எஸ்ஸின் ‘ஃபெட்ச் ஆல்’ கட்டளையைக் கொடுத்து, தனி ஹார்ட் டிஸ்க்கில் பிரதி எடுத்து, அதை வேறு கட்டடத்தில் வையுங்கள்.